எட்டு டிஸ்க்குக்கு ஒரு பெட்டி

கடைக்காரர் சிரித்தார். எஸ்.பி. ரோட்டில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிறவர். உள்ளேயே எட்டு ஹார்ட் டிஸ்க் நிற்கிற மாதிரி ஒரு கேபினெட் வேண்டும் என்று கேட்டேன். அதற்குத்தான் சிரிப்பு.

"வீட்ல பேங்க் ஏதாச்சும் நடத்துறீங்களாண்ணா?"

பிறகு ஒரு பெட்டியைக் காட்டினார். பக்கமெல்லாம் கண்ணாடி. உள்ளே சிவப்பும் நீலமும் மாறி மாறி எரிகிறது. டிஸ்க் வைக்க இரண்டே இடம். மீன் தொட்டி வாங்க வரவில்லை என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். பேச்சுதான் வராது. அன்றைக்கு வந்தது.

வாசலில் பழைய போர்டுகளைக் குவித்திருந்தார்கள். ஓடி ஓடிச் சூடான கம்ப்யூட்டருக்கு ஒரு வாசனை உண்டு, உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. இஸ்திரி போட்ட துணியும் துருவும் கலந்த மாதிரி. அது மூக்கில் ஏறினால் நான் விவேக் நகரில் இருப்பேன்.

அங்கே கிறிஸ்தவக் கோயிலுக்குப் போகிற தெருவில் ஒரு வீடியோ கடை. பத்தாவது தேறாமல் வேலைக்குச் சேர்ந்தேன். லைட் பிடிப்பேன், வயர் சுற்றுவேன். முதலாளியை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். கல்யாணம், ஞானஸ்நானம், பிள்ளைகள் புதுநன்மை வாங்குவது, சாவு, எல்லாம் எடுப்போம். எடுத்ததை டிஸ்க்கில் இறக்கிவிட்டு அதே டேப்பை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவோம். ஒரு கல்யாணத்தை ஒரே டிஸ்க்கில் போட அண்ணனுக்குப் பொறுமை கிடையாது. எதில் இடம் இருக்கிறதோ அதில் கொட்டுவார். காலைப் பூசை ஒன்றில், சாயங்கால ரிசப்ஷன் இன்னொன்றில். மேலே ஸ்டிக்கர் ஒட்டிப் பெண்ணின் பெயரை எழுதுவார். சூட்டில் பசை இளகி ஸ்டிக்கர் விழும். எடுத்து மறுபடி ஒட்டுவார், வேறொரு டிஸ்க்கின் மேல்.

கடைக்கு இன்னொரு வேலையும் வந்தது. வெட்டுவது. கல்யாணம் முடிந்து சண்டை வரும். சிடியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சித்தப்பாவை எடுத்துவிடு, அந்த நாத்தனாரை எடுத்துவிடு. அண்ணன் எடுத்துவிடுவார். ஆள் வருகிற இடத்தில் பூங்கொத்து, மெழுகுவத்தி, கோபுரம், புறா. சமாதானம் ஆனால் திரும்ப வருவார்கள், சேர்க்கச் சொல்லி. அதனால் அசலை அவர் அழிப்பதில்லை. சில பேர் கல்யாணத்தில் ஆளைவிடப் புறாதான் அதிகம். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், எங்கள் வீட்டுக்கு வரும்வரை.

அப்பாவுக்குப் பொம்மசந்திராவில் ஃபேக்டரி வேலை. அக்கா கல்யாணத்துக்குப் பேன்ட் சட்டை புதிதாகத் தைத்தார். காலுக்கு மட்டும் ஃபேக்டரியில் கொடுத்த இரும்பு மூக்கு பூட்ஸ். பாலிஷ் போட்டு மின்ன வைத்திருந்தார். அதோடுதான் அக்கா கையைப் பிடித்துப் பீடம் வரைக்கும் நடந்தார். ரிசப்ஷனில் மாமா, அதாவது அக்காவைக் கட்டியவர், மாமனார் அப்படியே ஷிஃப்டுக்குப் போய்விடுவார் என்று கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரித்தார். அப்பா காதில் விழுந்தது.

"ஆமா மாப்ள. நீங்க துன்ற பிரியாணி இந்த பூட்ஸ் சம்பாரிச்சது."

பக்கத்தில் மைக் இருந்தது அவருக்குத் தெரியாது. மண்டபம் முழுக்கக் கேட்டது.

மாமா அப்புறம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. நான் வெளியூர் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் கடைக்கு வந்து அப்பாவை வெட்டச் சொல்லியிருக்கிறார். அண்ணனும் வெட்டிக் கொடுத்துவிட்டார். அந்தப் படத்தில் கோயில் வாசலில் கார் நிற்கும். புறா பறக்கும். அக்கா பீடத்தின் முன்னால் தனியாக நிற்பாள், வானத்திலிருந்து விழுந்தவள் மாதிரி. அப்பா அதைப் பார்த்தார். டீ குடிக்கப் போனார். அடுத்த மழைக்காலத்தில் செத்துப்போனார். அவர் நடக்கிற படம் வேறு கிடையாது.

கடையை மூடும்போது மிச்சமிருந்த எட்டு டிஸ்க்குகளைப் பழைய இரும்புக்குப் போடப் போனார்கள். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். பரணில் போட்டேன். தொடவில்லை. இத்தனை வருஷம் சுற்றாத டிஸ்க் ஒரு தடவை எழுந்தால் அதுவே கடைசித் தடவையாக இருக்கலாம். ஒவ்வொன்றாக மாட்டிப் பார்க்கலாமே என்பீர்கள். இப்போது நான் வீடுகளுக்குக் கேமரா மாட்டுகிறவன். பழைய டிஸ்க் பாதி சாவது கழற்றி மாட்டுகிற கையால்தான். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் உட்கார வைத்து ஒரே மூச்சில் எழுப்ப வேண்டும் என்று மனசுக்குள் ரொம்ப நாளாகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். திட்டம் போடுவதில் நான் கெட்டிக்காரன். செய்வதற்கு யாராவது ஆத்திரமூட்ட வேண்டும்.

மாமா மூட்டினார். வைட்ஃபீல்டிலிருந்து போன். மகளுக்குக் கல்யாணமாம். மண்டபத்தில் பெரிய திரையில் குடும்பத்தைக் காட்டப் போகிறார்களாம். தாத்தா அம்மாவைக் கூட்டி வருகிறதை மகள் கேட்கிறாளாம்.

"டிஸ்க்கெல்லாம் குடுத்தனுப்பு மச்சான். ஆபீஸ்ல பசங்க பாத்துப்பாங்க."

"குடுக்க மாட்டேன்."

"ஏன், என்கிட்ட இருந்தா என்னா ஆயிடும்?"

"புறா ஆயிடும்."

வைத்துவிட்டார்.

பெட்டி கடைசியில் சிவாஜி நகரில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்தது. ஏதோ ஆபீஸில் கழித்துப்போட்ட உயரமான தகரப் பெட்டி. உள்ளே அலமாரி மாதிரி வரிசையாக இடம். பட்டை வயர் போகிற காலத்து டிஸ்க்குகள் என்பதால் போர்டும் அந்தக் காலத்ததாகத் தேடினேன். எட்டு மோட்டாரும் சேர்ந்து எழுந்தால் கரன்ட் இழுக்கும். அதைத் தாங்கிக் கரன்ட் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். டிஸ்க்குக்கு நேராகக் காற்று போக ஃபேன். அதிராமல் இருக்கத் திருகுக்கு அடியில் ரப்பர். அதற்கு சைக்கிள் ட்யூபை நறுக்கினேன். நகலுக்குப் புது டிஸ்க் ஒன்று தனியாக.

ஸ்விட்ச் போடுகிற அன்றைக்கு அக்காவை வரச் சொன்னேன். தனியாக வந்தாள். டீசல் ஆட்டோ மாதிரி சத்தம். இரண்டு டிஸ்க் எழவேயில்லை. மற்றவற்றில் தேடினோம். யார் யாரோ கல்யாணம், யாரோ செத்த வீடு. பிறகு எங்கள் ரிசப்ஷன். மாமா பல்லைக் காட்டுகிறார். ஓட்டித் தள்ளிவிட்டேன். காலைப் பூசை அதில் இல்லை. அக்கா எழாத அந்த இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாகத் திறந்ததில் இருந்தது. கோயில் நடுவழி. அப்பா. அக்கா.

அன்றைக்கு லைட்டைத் தூக்கிக்கொண்டு அவர்களுக்கு முன்னால் பின்னோக்கியே நடந்தவன் நான்தான். எதுவும் காதில் விழவில்லை. சிடி ஆக்கும்போது எல்லாவற்றின் மேலும் பாட்டைப் போட்டு மூடிவிடுவோம். அசலில் சத்தம் இருந்தது. அப்பா முன்னால் பார்த்தபடி, உதடு அசையாமல் சொல்கிறார்.

"மெதுவா நட புள்ள. அங்க போனா வுட்டுடணும் நானு."

அக்கா அழவில்லை. திரும்பப் போடச் சொன்னாள். போட்டேன். இன்னொரு தடவை என்றாள். அப்போது அவள் போன் அடித்தது. மாமா. கிடைத்ததா என்று கேட்டார். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இல்லீங்க. அந்த டிஸ்க் எழுந்திரிக்கல."

போனைக் கவிழ்த்து வைத்தாள். "பொண்ண ஒரு நாள் கூட்டியாறேன். அவ பாத்தா போதும். திரையில எல்லாம் வேணாம்."

சரி என்றேன்.

வீடியோ கடை இருந்த இடத்தில் இப்போது போனுக்கு உறை விற்கிறார்கள். வெட்டச் சொல்லி யாரும் எந்தக் கடைக்கும் போவதில்லை. அவரவர் போனிலேயே விரலால் ஆளைத் தேய்க்கிறார்கள். ஆள் போய்விடுகிறார். நின்ற இடத்தில் சுவர் வந்துவிடுகிறது, பார்த்தால் தெரியாது. நாளைக்கே சமாதானம் ஆனாலும் திரும்பச் சேர்க்க அசல் என்று ஒன்று இருப்பதில்லை.