அணியத்தைத் திருப்பிய குற்றம்

தொண்ணூறுகளின் முற்பகுதியில் பலெர்மோவில் நான் வேலை செய்த வீட்டின் சாப்பாட்டு அறையில் ஒரு கடற்சண்டை தயாராகிக்கொண்டிருந்தது. பெரிய பலகை ஒன்று, அதன் மேல் நீலச் சாயம் பூசிய கடல், நடுவில் ஓர் ஆங்கிலேயப் பாய்க்கப்பல். மேசை ஓரத்தில் வரிசையாகப் பதினெட்டு டென்மார்க் படகுகள். ஒவ்வொன்றும் என் உள்ளங்கை நீளம். செய்தவர் என் முதலாளி. ஓய்வுபெற்ற பல் வைத்தியர், மனைவி இறந்த பிறகு பல் பிடுங்கிய கையால் படகு செய்யத் தொடங்கியவர். நான் அவரை சிஞ்ஞோரே, அதாவது ஐயா, என்று கூப்பிடுவேன். சமைப்பது, உடுப்புத் தோய்ப்பது, அந்தப் படகுகளுக்குத் தூரிகையால் தூசி தட்டுவது, இவைதான் என் வேலை. வீட்டைக் கூட்டித் துடைக்க அரை மணித்தியாலம், படகுகளுக்கு ஒன்றரை மணித்தியாலம்.

தூசி தட்டும்போது அவர் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து கதை சொல்லுவார். சொன்னது இத்தாலியனில், எனக்கு ஞாபகம் இருப்பது தமிழில். நெப்போலியன் காலத்தில் ஆங்கிலேயர் கோப்பன்ஹேகன் நகரத்தைச் சுட்டெரித்து, டென்மார்க்காரரின் பெரிய கப்பல்களை எல்லாம் கொண்டு போய்விட்டார்கள். வெறுங்கையோடு நின்றவர்கள் சின்னச் சின்னத் துடுப்புப் படகுகளைக் கட்டி, படகுக்கொரு பீரங்கியை ஏற்றினார்கள். காற்று அடித்துக்கொண்டிருக்கும்வரை தீவுகளுக்குப் பின்னால் ஒளிந்திருப்பார்கள். காற்று விழுந்ததும் ஆங்கிலேயரின் பாய்க்கப்பல் அசையாமல் நின்றுவிடும். அப்போது துடுப்பு வலித்துக்கொண்டு வந்து சுற்றி நின்று அடிப்பார்கள்.

எனக்கு அந்தக் கதை பிடித்திருந்தது. நான் யாழ்ப்பாணத்துக் கரையோரத்தில் பிறந்தவன், பதினான்கு வயதில் கடலுக்குப் போனவன். சின்னப் படகில் இருந்துகொண்டு பெரிய கப்பலைப் பார்த்தால் வயிற்றுக்குள் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு பல் வைத்தியருக்கு அது தெரியாது என்றும் எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. அந்த எண்ணம்தான் என்னைக் கெடுத்தது.

என் மனைவியும் நாலு வயது மகளும் அப்போது யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிடுவதென்றால் என் பெர்மெஸ்ஸோ, அதாவது இங்கே தங்குவதற்கான அனுமதி, புதுப்பிக்கப்பட வேண்டும். அதற்கு சிஞ்ஞோரே ஒரு வேலைப் பத்திரத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். படகு செய்கிற நண்பர்கள் நாலு பேர் ரோமிலிருந்து பார்க்க வருகிறார்கள், அவர்கள் வந்து போன மறுநாள் கட்டாயம் வைக்கிறேன் என்று ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லியிருந்தார். நானும் அவசரக்குடுக்கை. அன்று பின்னேரமே கடிதம் எழுதி, கொழும்புக்குப் போகும் ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். "பேப்பர் எல்லாம் சரி. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிடு." இந்த வீட்டுத் தொலைபேசி இலக்கத்தையும் எழுதினேன். பேப்பர் ஒன்றும் சரியாகவில்லை.

வெளிக்கிடுவதென்றால் என்ன? யுத்தம் நடந்த அந்த நாட்களில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற இருந்த ஒரே வழி கடல்நீரேரி. திறந்த படகில், விளக்கில்லாமல், இருட்டோடு இருட்டாகக் கடக்க வேண்டும். கடற்படையின் ரோந்துப் படகு கண்டால் சுடும். காரணமில்லாமல் ஒருவரும் அந்தப் படகில் ஏறமாட்டார்கள். அவளுக்குக் காரணத்தைக் கொடுத்தவன் நான்.

நண்பர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்தது. முதல் நாள் மாலை சிஞ்ஞோரே தன் கையாலேயே படகுகளைக் கடலில் அடுக்கி, மேலே ஒரு வெள்ளைத் துணியால் மூடிவிட்டிருந்தார். காலையில் அவர் பூசைக்குப் போன நேரம் கடைசியாகத் தூசி தட்டலாமென்று துணியைத் தூக்கினேன். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதினெட்டுப் படகின் அணியமும், அதாவது முன்முனையும், எதிரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றன. அடிக்க வந்தவனா, ஓடப் போகிறவனா? எங்கள் கரையில் பால்குடி கூட அணியம் எந்தப் பக்கம் நிற்க வேண்டுமென்று சொல்லும். பாவம் கிழவர், ரோமிலிருந்து வருகிறவர்கள் முன்னால் மானம் போகப் போகிறதே என்று நினைத்தேன். ஊசி போன்ற துடுப்புகள் முறியாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, பதினெட்டையும் ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தேன். துணியை மூடினேன். பெருமையோடு போய்த் தக்காளிச் சோஸ் கிளறினேன்.

நண்பர்கள் நாலு பேரும் வந்ததும் சிஞ்ஞோரே துணியை எடுத்தார். அவர்களில் ஒரு தடித்த மனிதர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "பீரங்கி எல்லாம் வீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறதே. டென்மார்க்காரர் தங்கள் பெண்சாதிமாரையா சுடப் போகிறார்கள்?" மற்ற மூவரும் சேர்ந்து சிரித்தார்கள். அந்த வகைப் படகில் பீரங்கி பின்புறத்தில்தான் இருந்ததாம். திருப்ப முடியாத பீரங்கி. அதனால் அவர்கள் துடுப்பைத் தள்ளி, பின்பக்கமாகவே எதிரியிடம் போவார்களாம். ஆறு மாதம் தூசி தட்டியும் பீரங்கி எங்கே இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. அணியத்தை மட்டும்தான் பார்த்தேன்.

நான்தான் திருப்பினேன் என்று உடனே சொன்னேன். சொன்னால் ஆறுவார் என்று நினைத்தேன். சிஞ்ஞோரேயின் காது இரண்டும் சிவந்துவிட்டன. "மூன்று வருட வேலை," என்றார். "சாவியை வைத்துவிட்டுப் போ. நாளைக்கு வராதே."

பிரான்காச்சோ என்ற பகுதியில் என்னோடு அறையில் இருந்த மன்னார்க்காரன் கேட்டதும் தலையில் கை வைத்தான்.

"கையெழுத்து வாங்க முதல் ஏன் கடிதம் குடுத்து விட்டனீ?"

"வைப்பார் எண்டு நினைச்சன்."

"நினைச்சனியோ? இப்ப அவள் அங்கை பிள்ளையையும் தூக்கிக்கொண்டு தண்ணிக்கை நிக்கப்போறாள். எதுக்கு? உன்ரை நினைப்புக்கு."

கடிதத்தைத் திருப்பிக் கூப்பிட வழியில்லை. யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி இல்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. வியா மக்வேதா என்ற தெருவில் கால் போன போக்கில் நடந்தேன். கடைக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து, இவன் ஒரு கொலைகாரன் என்று நினைத்தேன். மிகைப்படுத்திச் சொல்லவில்லை, அப்படித்தான் நினைத்தேன். திங்கள் போய் மணி அடித்தேன், திறக்கவில்லை. செவ்வாயும் திறக்கவில்லை. புதன் கதவு திறந்தது.

"திருப்பி வை," என்றார்.

படகுகள் நான் வைத்தபடியே நின்றன. அவர் தொடவே இல்லை. முதல் படகைத் தூக்கித் திருப்பி வைத்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலியனில் எல்லாவற்றையும் கொட்டினேன், கடிதத்தை, கடல்நீரேரியை, ரோந்துப் படகை, நான் சொன்ன பொய்யை. அழுதேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

அவர் கேட்டு முடித்துவிட்டு, "அந்தப் படகுகளில் பீரங்கி எந்தப் பக்கம்?" என்றார்.

"பீரங்கி இல்லை, சிஞ்ஞோரே. சனம் மட்டும்தான்."

அவர் எழுந்து போய்ப் பத்திரத்தைக் கொண்டு வந்தார். மேசையில் இடமில்லாததால் என்னைக் குனியச் சொல்லி, முதுகின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். அதை நான் குவெஸ்தூராவுக்கு, பொலிஸ் அலுவலகத்துக்கு, கொண்டு ஓடினேன். ஐந்தாறு கிழமையில் பெர்மெஸ்ஸோ கிடைத்தது. அவளிடமிருந்துதான் ஒரு செய்தியும் இல்லை.

ஒரு மத்தியானம் பாஸ்தாவுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. சிஞ்ஞோரே எடுத்து என் கையில் தந்தார்.

"நான்தான். கொழும்புக்கு வந்திட்டம்."

கடவுளே, கடவுளே என்று மட்டும் சொன்னேன். பிறகு அவர்களைக் கூப்பிடத் தேவையான பேப்பர் நினைவு வந்தது.

"கலியாணச் சேட்டிபிக்கற்றும் பிள்ளையின்ரை பிறப்புச் சேட்டிபிக்கற்றும் கவனமாய் வைச்சிருக்கிறாய்தானே? உடனை அனுப்பு."

"அது இல்லை."

"இல்லையெண்டால்?"

"நடுவிலை சுடத் தொடங்கினவங்கள். படகுக்கை தண்ணி வந்திட்டுது. சாமான் பையெல்லாத்தையும் எறியச் சொல்லி ஓட்டி கத்தினவர். எறிஞ்சிட்டன்."

எங்கள் கிறிஸ்தவக் கோயில் ஷெல் விழுந்து எரிந்தபோது கலியாணமும் பிறப்பும் எழுதிய பதிவேடும் எரிந்துபோயிருந்தது. அந்தக் கடதாசிகளுக்குப் பிரதி உலகத்தில் எங்கும் இல்லை. எனக்குக் கண்மண் தெரியவில்லை.

"உனக்கு அறிவிருக்கே? உடுப்பை எறிஞ்சிருக்கலாம், பேப்பரை மடியிலை செருகியிருக்கேலாதே? நான் இஞ்சை நாய் படாத பாடு பட்டு, அழுது குழறிக் கையெழுத்து வாங்கி..."

நான் கத்தி முடியும்வரை அவள் பொறுத்திருந்தாள். தொலைபேசிக் கம்பி இரைந்தது.

"ஒரு கையாலை பிடிச்சால் அவள் நழுவுறாள்," என்றாள். "ரெண்டு கையும் தேவைப்பட்டுது." பிறகு மெதுவாக, "பிள்ளை எப்பிடி இருக்கிறாள் எண்டு நீங்கள் இன்னும் கேக்கேல்லை."

அதற்குப் பிறகுதான் கேட்டேன்.