காதுமடலில் மல்லி அத்தர்

என் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்சாவதோடு படிப்பு நின்றது. வயசாகிவிட்டதால் நிறைய மறந்தும் போகிறது. விழுப்புரத்தில் காலேஜ் படிக்கும் பேத்தி போன வாரம் ஒரு சென்ட் பாட்டிலைத் திறந்து என் மூக்குக்கிட்டே நீட்டினாள். மல்லி, அடியில் கொஞ்சம் சம்பங்கி என்றேன். பாட்டிலிலும் அப்படித்தான் போட்டிருக்கிறதாம். உனக்கு எப்படி ஆயா தெரியும், எழுதிக் கொடு என்று பிடித்துக்கொண்டாள்.

எங்களுடையது மரக்காணம் பக்கம் கடலோரக் குப்பம். அப்பா கடலுக்குப் போவார். அம்மா மீன் கூடையோடு பஸ் ஏறித் திண்டிவனம் போய் விற்றுவருவாள். நான் மூன்றாவது படிக்கும்போது, கூட உட்கார்ந்த பெண்கள் கவுச்சி அடிக்குது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு வரிசையின் அந்தக் கோடிக்குப் போய்விட்டார்கள். இனிப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றேன். எங்கள் குப்பத்தில் அப்படிச் சொன்ன பெண்கள் யாரும் திரும்பப் போனதில்லை. அப்பா சரி விடு என்றுவிட்டார். அம்மா மறுநாள் என்னையும் பஸ் ஏற்றினாள்.

மீன் விற்றதும் ஒரு அத்தர் கடை வாசலுக்குக் கூட்டிப்போனாள்.

"நீ உள்ள போய் மோந்து பாரு. நான் கூடையைப் பாத்துக்கினு நிக்கிறேன்."

வெறும் கூடையை யார் தூக்கிப்போவார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். கடைக்கார பாய் ஈர்க்குச்சியில் பஞ்சு சுற்றி என் புறங்கையில் தடவிக் காட்டினார். தாழம்பூ மூக்கில் குத்தியது. சம்பங்கி பாயசம் மாதிரி தித்தித்துத் தலையைச் சுற்ற வைத்தது. மல்லி முதலில் தண்ணீர் தெளித்த மொட்டுபோல் பச்சையாக இருந்தது. கொஞ்சம் பொறுத்து மலர்ந்தது. இன்னும் பொறுத்து மோந்தால் உள்ளே லேசாக ஒரு கெட்ட நாத்தம். பாயிடம் சொல்லக் கூச்சப்பட்டு, வாசலுக்கு ஓடி அம்மாவிடம் கையை நீட்டினேன். தொடாமல் குனிந்து மோந்தாள்.

"ஆமாண்டி, நாறத்தான் செய்யுது. அப்ப இது நம்ம ஊட்டுப் பூதான். இதையே வாங்கிக்க."

பாய் சிரித்துவிட்டார். அந்த நாத்தம் இல்லையென்றால் பூவே இல்லை, வெறும் சர்க்கரைத் தண்ணிதான் என்றார்.

அப்புறம் தினமும் அத்தர் தொட்ட பஞ்சு என் காதுமடலில் இருந்தது. அந்தக் கோடிக்குப் போனவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்தார்கள். ஒருத்தி என் காதை மோந்துக்கினேதான் கணக்குப் போடுவாள். அஞ்சாவது வரைக்கும் படித்தேன். இன்றைக்கு இரண்டு வரி எழுத வருகிறதென்றால் அம்மா புண்ணியம்.

ஆனால் அத்தர் வந்ததிலிருந்து காலையில் அம்மா எனக்குத் தலை பின்னவில்லை. எங்களோடு இருந்த அத்தைதான் பின்னிவிட்டாள். அவள் வீட்டில் துணி தைப்பவள். அம்மா விடியற்காலையே மீன் பிரித்துவிட்டு வந்து, கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு தூரத்தில் நிற்பாள். கிட்டே போனால், "ஜல்தி போடி, மணி அடிச்சிடப் போறான்" என்று விரட்டுவாள். பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று சொன்ன கோபம் இன்னும் தீரவில்லை போல என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மடியில் போட்டுக்கொண்டு எழுந்திருக்கவே விடமாட்டாள். அன்றைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது என்பதை நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

அத்தர் கடை திண்டிவனத்தில் எந்தத் தெருவில் இருந்தது என்பது மறந்துவிட்டது. பூப்பேர் எதையாவது தப்பாக எழுதியிருந்தாலும் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். அம்மாவைப் பற்றி எழுதியதை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.