தோற்றவள் சொன்ன நன்றி

என் அக்கா நகரப் பேருந்து ஓட்டுகிறாள். வாய்ப்பேச்சில் அவளை வென்றவர் எங்கள் குடும்பத்தில் கிடையாது. பணிமனையில் அவளுக்குப் பெயரே ‘வக்கீலம்மா’. யாருக்காவது விடுப்பு மறுக்கப்பட்டால் மேலாளர் அறைக்குள் அவள்தான் நுழைவாள்; விடுப்பு இல்லாமல் வெளியே வரமாட்டாள்.

நாற்பதைத் தாண்டிய அக்கா ஒருநாள், பல்கலைக்கழகத்தில் மாலை நேரச் சட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னாள்.

“வீட்டுல நடக்குற வழக்கெல்லாம் பத்தலையா?” என்றார் அவள் கணவர். ஆனாலும் மறுநாளே சாப்பாட்டு மேசையில் பாதியை ஒழித்து அவளுக்குக் கொடுத்துவிட்டார்.

விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள்: ஏன் சட்டம் படிக்க விரும்புகிறீர்கள்? நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். ஆகவே அது என்னிடம் வந்தது. ‘சிறு வயது முதலே நீதியின்பால் தணியாத தாகம் கொண்ட நான்’ என்று ஆரம்பித்திருந்தாள்.

“அக்கா, சின்ன வயசுல உனக்கு இருந்த ஒரே தாகம் என் பங்கையும் சேர்த்துத் திங்கிறதுதான்.”

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “அப்ப என்னத்தடா எழுதுறது?”

“நீ கோர்ட்டுக்குள்ள போயிருக்கியா?”

“வாசல்ல தினமும் வண்டிய நிறுத்துறேன். உள்ள போனதில்ல.”

அவளுடைய விடுமுறை நாளில் இருவரும் போனோம். சினிமாவில் பார்ப்பதுபோல் எதுவும் இல்லை. பள்ளிக்கூட வகுப்பறை அளவில் ஓர் அறை, காலாடும் பெஞ்சுகள், சளி பிடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு நீதிபதி அம்மாள். வாடகை இடத்தில் தையல்கடை நடத்தும் ஒரு பெண்ணுக்கும், இடத்தைக் காலி செய்யச் சொல்லும் கட்டடத்தின் சொந்தக்காரருக்கும் வழக்கு. இருவருமே வக்கீல் வைக்கவில்லை.

தையல்காரப் பெண் பேசினாள். அந்தத் தெருவில்தான் அவளுடைய வாடிக்கையாளர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். அங்கிருந்து பெயர்த்தால் பிழைப்பு போய்விடும். அக்கா என் கையை இறுகப் பிடித்தாள். “நியாயந்தானே?”

பிறகு சொந்தக்காரர் எழுந்தார். விபத்தில் கால் போன அவர் மகனால் மாடி ஏற முடியவில்லை. தரைத்தளத்தில் அவர்களுக்கு இருப்பது அந்த இடம் ஒன்றுதான். மகனைத் தினமும் முதுகில் சுமந்து இறக்குகிறாராம்.

அக்காவின் பிடி தளர்ந்தது. “ஐயோ, இவரு சொல்றதும் சரியாத்தானேடா இருக்கு!”

நீதிபதி இருவரையும் இடைமறிக்கவில்லை. பேசி முடித்ததும் ஒவ்வொருவரிடமும், “நீங்க சொன்னத நான் இப்படிப் புரிஞ்சுக்கிட்டேன், சரியா?” என்று திருப்பிச் சொல்லிக் கேட்டார். பிறகு இடம் சொந்தக்காரருக்கே என்றார். ஆனால் அதே தெருவில் வேறு இடம் தேடிக்கொள்ளத் தையல்காரப் பெண்ணுக்குப் போதுமான அவகாசம் தர வேண்டும் என்றும் சொன்னார்.

வெளியே வராந்தாவில் அந்தப் பெண் கண்ணைத் துடைத்தபடி நின்றாள். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. போய்த் தோளைத் தொட்டாள்.

“தோத்துட்டேன்மா,” என்றாள் அவள். “இருந்தாலும் நான் சொன்னத முழுசாக் கேட்டாங்க. உள்ள அந்தம்மாவுக்கு நன்றி சொல்லிட்டுத்தான் வந்தேன்.”

வீடு வரும்வரை அக்கா வாயே திறக்கவில்லை. எங்கள் வரலாற்றில் அப்படி ஒன்று நடந்ததில்லை. படியேறும்போதுதான் சொன்னாள்: “எத்தன பேரப் பேசியே மடக்கியிருக்கேன். ஒருத்தராவது எனக்கு நன்றி சொல்லியிருக்காங்களா? அது என்ன வித்தடா அது?”

அந்தக் கேள்வியைத்தான் எழுதினாள். பழைய கட்டுரையில் ஒரு வரிகூட மிஞ்சவில்லை. நான் திருத்தியது காற்புள்ளிகளை மட்டும். பணிமனை மேலாளர் பரிந்துரைக் கடிதம் கொடுத்தார். “இனிமே என் நிம்மதிக்கு நல்ல காலம்” என்று சொல்லிக்கொண்டே.

நேர்காணலில் ஒரு பேராசிரியர் கேட்டாராம்: “அந்தத் தையல்காரம்மாவுக்கு நீங்க வக்கீலா இருந்திருந்தா?”

“அப்பவும் தோத்திருப்பேன் சார். ஆனா அவங்களுக்கு என்ன வேணும்கிறத இன்னும் தெளிவாச் சொல்லியிருப்பேன். எப்படின்னு இப்பத் தெரியாது. அதுக்குத்தான் வந்திருக்கேன்.”

இடம் கிடைத்தது. இப்போது காலையில் பேருந்து, மாலையில் வகுப்பு. மகள் வயதுப் பிள்ளைகள் அவளை அக்கா என்கிறார்கள்.

சென்ற மாதம் மாணவர்களின் மாதிரி நீதிமன்றத்தைப் பார்க்கப் போனேன். அக்காவின் முறை வந்தது. எழுந்தாள். தண்ணீர் குடித்தாள். எதிர்த்தரப்பின் வாதத்தை, அவர்களே சொன்னதைவிட அழகாக, ஒரு கிண்டலும் இல்லாமல் எடுத்துச் சொல்லிவிட்டு, “இதுல எவ்வளவு நியாயம் இருக்குன்னு எனக்குப் புரியுது. ஆனாலும்…” என்று ஆரம்பித்தாள்.

என்னோடு சண்டை போட்டு வளர்ந்தவள்தான் அவள். நான் எப்போது எழுந்து நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை. பின்னாலிருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்தபோதுதான் உட்கார்ந்தேன்.