சூடான மரத்தூளில் தோட்டாக் கூடுகள்

ஓரிக்கை சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் எங்கள் பாலிஷ் பட்டறை இருக்கிறது. நானும் என் கணவரும் மட்டும்தான் வேலை செய்கிறோம். குத்துவிளக்கு, மணி, தாம்பாளம் என்று பித்தளையில் எது வந்தாலும் கழுவி மெருகேற்றிக் கொடுப்போம். போன கோடையில் மாகறல் பக்கத்து விவசாயி ஒருவர் கொண்டுவந்த பைக்குள் இருந்ததை மட்டும் அதற்கு முன் நாங்கள் தொட்டதில்லை. நாட்டுத் துப்பாக்கிக்கு அண்ணன் போலக் கனமான ஒரு துப்பாக்கியில் போடும் பித்தளைத் தோட்டாக்கள் அவை. சுட்டு முடித்த வெறும் கூடுகள். கறுத்து, பச்சை பூத்து, மண் அப்பிக் கிடந்தன.

பன்றி விரட்ட அவருடைய அப்பா லைசென்ஸோடு வைத்திருந்த துப்பாக்கியாம். அப்பா இறந்த பிறகு இவர் பேருக்கு மாறியிருக்கிறது. பித்தளைக் கூட்டில் திரும்பத் திரும்ப மருந்து நிரப்பலாம், அதற்கு அனுமதி உள்ள கடை சென்னையில் இருக்கிறது, ஆனால் அழுக்கோடு கொண்டுபோனால் அவர்கள் வாங்க மாட்டார்கள் என்றார். லைசென்ஸைப் போனில் காட்டினார். என் கணவர் இரண்டு தடவை கேட்டார், எல்லாம் காலிதானா என்று.

“எல்லாம் சுட்டதுதான்பா. எங்கப்பா சுட்டுப் போட்டது. எரவாணத்துல தொங்கிக்கினு இருந்துது,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் வேலையைத் தொடங்கினோம். புளித்தண்ணீரில் எலுமிச்சை உப்புப் போட்டு ஊறவைத்து, நான் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துக் கொடுத்தேன். கழுவிய பித்தளையை அப்படியே விட்டால் தண்ணீர்க் கறை பிடித்துவிடும். அதனால் அகலமான தட்டில் மரத்தூளைக் கொட்டி, அடியில் காஸ் அடுப்பை எரியவிட்டு, அந்தச் சூட்டில் புரட்டி எடுப்போம். அதை அவர் பார்த்துக்கொண்டார். சில கூடுகளின் வாய் மண்ணால் அடைத்திருந்தது. சூட்டில் காய்ந்தால் தானாக உதிரும் என்று அவற்றையும் சேர்த்துத் தட்டில் போட்டுவிட்டார். ரொம்ப இறுகிப்போனவை மட்டும் என்னிடம் மிஞ்சின.

ஒன்றை எடுத்துக் கம்பியால் குத்தினேன். மேல்மண் பெயர்ந்தது. அதற்குக் கீழே மெழுகு பூசிய அட்டை போல ஏதோ வட்டமாக இருந்தது. அதையும் நெம்பினேன். என் உள்ளங்கையில் மிளகு மிளகாக ஈயக்குண்டுகள் உருண்டு விழுந்தன.

கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. கூட்டைத் திருப்பி அடியைப் பார்த்தேன். மற்றவற்றின் அடி நடுவில், சுடும்போது துப்பாக்கி ஊசி குத்திய பள்ளம் ஒன்று இருக்கும். இதில் அந்தப் பள்ளம் இல்லை. சுடவே இல்லை. கையிலிருந்ததை மெதுவாக ஈரத்துணியின் மேல் வைத்தேன். அப்புறம்தான் அடுப்பு ஞாபகம் வந்தது. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தார். தட்டிலிருந்து மரத்தூள் கருகும் வாசனை வந்தது.

கத்தினால் அவர் பதறிக் கரண்டியைப் போடுவாரோ என்று பயந்தேன். அதனால் குரலை இறக்கியே சொன்னேன்.

“என்னாங்க, கிளறாதீங்க. அடுப்ப அணைச்சிட்டு வெளிய வாங்க. இதுல மருந்து இருக்குது.”

அவர் திரும்பிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்திருக்க வேண்டும். குனிந்து அடுப்பை அணைத்தார். அப்போது அவர் முகம் அந்தத் தட்டுக்கு நேராக இருந்தது. நிமிர்ந்தவர் தட்டை இறக்கிவிடலாமா என்று கை நீட்டினார். சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சந்துக்கு வந்தேன்.

அடுப்பை அணைத்தாலும் தூள் உடனே ஆறாது. பட்டறைக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தச் சுவரை ஒட்டித்தான் பக்கத்து வீட்டு அண்ணன் தறியில் உட்கார்ந்திருப்பார். அவர் மனைவி எதிர்ப்பக்கம் புடவைக் கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைப் போட்டுக்கொண்டிருந்தார். ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். அந்த அக்கா உடனே எழுந்துவிட்டார். அண்ணன் எழவில்லை.

“புடவையில பொட்டுப் பூ பாதியில நிக்குதும்மா. இத முடிச்சிட்டு வரேன்.”

“அண்ணா, சுவருக்கு அந்தாண்ட தோட்டா அடுப்பு மேல கிடக்குது. புடவைய அப்புறம் நெய்யலாம். வாண்ணா.”

அவர் என்னை முறைத்தார். அந்த அக்கா தெலுங்கில் ஏதோ அதட்டலாகச் சொன்னார். அண்ணன் நாடாவைக் கையில் பிடித்தபடியே தறிக்குழியிலிருந்து ஏறி வந்தார். என் கணவர் போலீசுக்கும் தீயணைப்புக்கும் போன் போட்டுவிட்டு, சந்து முனையில் நின்று வண்டிகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. பட்டறை வாசலில் மெல்லிய புகை வந்தது. ஒருமுறை உள்ளே ‘டங்’ என்று சத்தம் கேட்டது. எல்லோரும் குனிந்துவிட்டோம். கரண்டி சரிந்து விழுந்த சத்தம் அது என்று பிறகு தெரிந்தது. அப்போது தெரியாது. என் கணவர் என் கையைப் பிடித்தார்.

தீயணைப்பு வீரர்கள் வந்து ஜன்னல் வழியாகத் தட்டின் மேல் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். ஆறிய பிறகு போலீசாரோடு வந்த வெடிமருந்து நிபுணர் ஒருவர் உள்ளே போய் ஒவ்வொன்றாக எடுத்தார். தட்டிலிருந்து இரண்டு முழுத் தோட்டாக்கள் கிடைத்தன. ஒன்றின் மெழுகு உருகி ஓடியிருந்தது.

விவசாயியும் வந்து சேர்ந்தார். வரும்போது கோபமாகத்தான் வந்தார், தன் பொருளை நாங்கள் கெடுத்துவிட்டோம் என்ற நினைப்பில். நிபுணர் அந்த இரண்டையும் காட்டியதும் சாக்கடை ஓரத்துக் கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அப்பா காலியையும் நிரப்பியதையும் ஒரே பையில் போட்டு வைத்திருந்தது அவருக்குத் தெரியவே தெரியாதாம். திட்ட வேண்டும் என்று நெருங்கிய என்னிடம் அவர் சொன்னது இதுதான்:

“லீவு பூரா எம் பொண்ணுங்க ரெண்டும் இத வச்சித்தாம்மா வெளாண்டுச்சிங்க. கல்லு மேல அடுக்கித் தட்டி வெளாண்டுச்சிங்க.”

திட்டுவதை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவிடம் தண்ணீர் கேட்டேன். அந்த அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

ஸ்டேஷனில் நாங்கள் இருவரும் விவசாயியும் நடந்ததை எழுதிக் கொடுத்தோம். அவருடைய துப்பாக்கியை அங்கேயே ஒப்படைக்கச் சொன்னார்கள். விசாரணை முடிந்தபின் திரும்ப வாங்கலாம் என்றும் சொன்னார்கள். அவர் வாங்கப் போகவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை. அவசரத்தில் எழுந்ததில் தறியில் நீளவாக்கில் ஓடும் சில பாவு இழைகள் அறுந்து, பிணைத்து முடிக்க அவருக்கு அரைநாள் ஆகியிருக்கிறது. அதற்கான கோபம் அது. நியாயம்தான் என்று நானும் விட்டுவிட்டேன்.

வேலை நிற்கவில்லை. ஆடித் திருவிழாவுக்கான விளக்குகள் வந்து குவிந்தன. என் கணவர் மரத்தூளைச் சூடேற்றும்போதெல்லாம் நான் ஏதாவது சாக்குச் சொல்லி வாசலுக்கு வந்துவிடுவேன். ஒருநாள் அவருக்குக் காய்ச்சல். விளக்குகளைச் சாயங்காலத்துக்குள் கொடுத்தாக வேண்டும். தட்டை ஏற்றி, அடுப்பைப் பற்றவைத்து, விளக்குகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்து மரத்தூளுக்குள் வைத்தேன். கிளறக் கிளற உடம்பெல்லாம் வேர்த்தது. எல்லாம் காய்ந்து முடிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, அவருக்குக் கஞ்சி வைக்கப் போனேன்.