கட்ட முடியாத சவுரி

என் கூந்தலைப் பார்த்துத்தான் மயங்கிப்போனதாக என் கணவர் ஊரெல்லாம் சொல்லுவார். எங்களுடையது காதல் கல்யாணம். தினமும் திருத்தணி பஸ் ஸ்டாண்டில் பூ வாங்கிவந்து அவரே வைத்துவிடுவார். போன வருடம் நான் ஓட்டிய விசைத்தறியின் பெல்ட்டில் என் பின்னல் சிக்கி, தலைத்தோலோடு பிய்ந்துவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் தினமும் கட்டு மாற்ற வேண்டும். புண்ணின் நாற்றம் எனக்கே குமட்டியது. அவர் வாசலோடு நின்று அழுதார். "என்னால பாக்க முடியல மே."

கட்டு மாற்ற வந்தவள் எஸ்தர். என் பக்கத்துத் தறியை ஓட்டுபவள். மின்விசிறியை யார் பக்கம் திருப்புவது என்ற சண்டையில் என்னோடு பேச்சை நிறுத்தியவள். வேலைக்குப் போகும் முன் வந்து, சீழைத் துடைத்து, மருந்து போட்டுவிட்டுப் போவாள்.

ஒருநாள் கேட்டேன். "எம்மேல உனக்கு அவ்ளோ பாசமா?"

"பாசமா? நீ பேசுன பேச்ச நெனச்சா இன்னும் பத்திகினு வருது. புடிச்சவங்களுக்கு மட்டும் செய்யறதுக்கு ஏசப்பா எதுக்கு எனக்கு? தலைய ஆட்டாத."

அன்று சாயங்காலம் அவர் வாசலில் நின்றபடியே ஒரு சவுரியை நீட்டினார். "இத்த வெச்சிகினா பழைய மாதிரி இருப்ப."

சவுரியை முடிந்துகொள்ளவும் தலையில் கொஞ்சம் முடி வேண்டும். அது அவருக்குத் தோன்றவே இல்லை.

அவருடைய காதல் பொய்யில்லை என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் விடிந்ததும் என் காது தேடியது, என்னைப் பிடிக்காத ஒருத்தியின் செருப்புச் சத்தத்தைத்தான்.