துவைக்கிற அறையின் பச்சை பெயிண்ட்

எங்கள் வீடு விலைபோகாமல் நின்றதற்குத் துவைக்கிற அறையில் அடித்த பச்சை பெயிண்ட்தான் காரணம் என்று அப்பா கடைசிவரை நம்பினார். ஆக்லாந்துக்கு வந்து எத்தனையோ வருடம் ஆன பிறகும், கடையில் அந்த நிறத்தில் ஒரு வாளியைக் கண்டால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார். பாவம், பெயிண்ட் மேல் ஒரு குற்றமும் கிடையாது. காரணம் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. எனக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் எதுவும் இல்லை என்று திடமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

ஃபிஜியில், பா நகரத்தில், வரதோலி என்கிற பகுதியில் எங்கள் வீடு. பலகைச் சுவர், தகரக் கூரை, கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய ஜன்னல்கள். சிப்பாய்கள் ஆட்சியைப் பிடித்த வருடம் அது. பெரியவர்கள் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து, இந்தியர்களுக்கு இனி இங்கே இடமில்லை என்று குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு ஒவ்வொரு வீடாகப் பெட்டி கட்ட ஆரம்பித்தது. தெருவில் யாரைப் பார்த்தாலும், சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் பேப்பர் வந்துவிட்டதா என்று கேட்டார்கள். பேப்பர் என்றால் விசா. நாடி விமான நிலையத்துக்கு வழியனுப்பப் போவது எங்களுக்குக் கோயிலுக்குப் போவதுபோல வழக்கமாகிவிட்டது. நல்ல உடுப்பாகப் போட்டுக்கொண்டு போவோம், எல்லாரோடும் சேர்ந்து அழுவோம், திரும்புகிற வழியில் ஐஸ்கிரீம் வாங்கித் தரச் சொல்வோம்.

அப்பா டவுனில் ஓர் ஆபீஸில் குமாஸ்தா. அவரும் ஆக்லாந்து போக மனு போட்டிருந்தார். வீட்டை விற்றால்தான் கிளம்ப முடியும் என்பது எனக்குத் தெரியும். எனக்குப் போக இஷ்டமில்லை. பெரியப்பா மகள் சிட்னியிலிருந்து எழுதிய கடிதம்தான் என்னைக் கலங்கடித்தது. அவர்கள் இருக்கிற மாடி வீட்டில் துணி துவைக்க இடமே கிடையாதாம். அழுக்குத் துணியையெல்லாம் பையில் கட்டித் தெருக்கோடியில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், மெஷினில் போட்டுவிட்டு, அது சுற்றுவதைப் பார்த்தபடி எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டுமாம். நம் பாவாடை சட்டை சுற்றுவதை ஊரே உட்கார்ந்து பார்க்கும். வெளிநாடு எல்லாமே அப்படித்தான் இருக்கும், நான் வரமாட்டேன் என்று அறிவித்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. அம்மாவையும் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

இந்த நிலைமையில்தான் ஒரு சனிக்கிழமை காலை, அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அப்பாவின் ரம்பத்தோடு துவைக்கிற அறைக்குள் நுழைந்தாள்.

அறை என்று சொல்வது மரியாதைக்குத்தான். வீட்டின் பின்பக்கம் கூரையை இறக்கி, மூன்று பக்கம் தகரம் அடித்த இடம். ஒரு சிமெண்ட் தொட்டி, ஒரு குழாய். ஒருவர் குனிந்தால் மற்றவர் வெளியே போய் நிற்க வேண்டும். மூலையில் அழுக்குத் துணி மலையாகக் குவிந்திருக்கும். அதன் மேல் விளக்குமாறு, அப்பாவின் கரும்புக் கத்தி, பழைய சைக்கிள் டயர், எங்கள் வீட்டுப் பூனை. சோப்பு ஜன்னல் கட்டையில் கரைந்து வழிந்துகொண்டிருக்கும். துணிக்குப் போடுகிற நீலத்தைத் தேடினால் உப்பு கிடைக்கும்.

அம்மா கையிலிருந்து ஒன்றும் பெரிதாகச் செலவழிக்கவில்லை. வெளிநாடு போகிறவர்களுக்குப் பெரிய மரப்பெட்டி அடித்துக் கொடுக்கிற தச்சர் ஒருவர் அடுத்த தெருவில் இருந்தார். அவர் முற்றத்தில் துண்டுப் பலகைகள் குவிந்து கிடந்தன. ஊர்ப் பெயரைத் தப்பாக எழுதியதால் தள்ளிவைத்த பலகைகளும் அதில் உண்டு. அவற்றை நானும் அம்மாவும் நான்கு நடையில் சுமந்து வந்தோம். வான்கூவர், மெல்பர்ன் என்றெல்லாம் கறுப்பு மையில் பாதி எழுதியிருந்த பக்கத்தை அம்மா சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்து ஆணி அடித்தாள். தொட்டிக்கு மேலே கூரைவரைக்கும் மூன்று தட்டு எழும்பியது.

பக்கத்து வீடு காலியானபோது கழற்றிப் போட்டிருந்த ஜன்னல் கண்ணாடிப் பட்டைகள், சோப்பு வைக்கிற சின்னத் தட்டுகளாயின. ஜாம் பாட்டில்களின் மூடியை முதல் தட்டுக்கு அடியில் ஆணியடித்து, பாட்டிலைக் கீழிருந்து திருகினால் பொத்தானும் ஊசியும் கண்ணுக்கு நேரே தொங்கின. உடைந்த அலமாரிக் கதவு ஒன்று கீல் போட்டுச் சுவரோடு சேர்ந்தது. இறக்கினால் இஸ்திரி மேஜை, தூக்கினால் சுவர். அதை நான் முதல் நாளே முப்பது தடவையாவது இறக்கி ஏற்றியிருப்பேன். விரல் நசுங்கியதை யாரிடமும் சொல்லவில்லை.

அப்பா இதில் மேற்பார்வை மட்டும்தான். பேனா பிடித்த கை, சுத்தியல் பிடித்தால் ஆணியைத் தவிர மற்ற எல்லாவற்றின் மேலும் விழும். அவர் பங்குக்குக் கோயிலில் வர்ணம் பூசி மிச்சமிருந்த பெயிண்டைக் கேட்டு வாங்கி வந்தார். கிளிப்பச்சை. கோபுரத்தில் கிளிக்கு அடித்தது. அறை முழுவதையும் ஒரே மத்தியானத்தில் அடித்து முடித்து, இடுப்பில் கை வைத்து நின்று, பச்சைப் புள்ளி தெறித்த மூக்கோடு எங்களைப் பார்த்தார்.

“எப்டி?”

“பிரமாதம்,” என்றாள் அம்மா. அவள் அப்பாவிடம் அதிகம் பேசுகிறவள் அல்ல.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. போகப்போகிற வீட்டில் யாராவது பலகை அடிப்பார்களா? பெயிண்ட் பூசுவார்களா? அம்மா ஒரு வார்த்தை பேசாமல் ரம்பத்தை எடுத்து முடிவு சொல்லிவிட்டாள், அப்பாவும் பெயிண்ட் அடித்துச் சரி என்றுவிட்டார். நாங்கள் போகவில்லை. இவ்வளவு தெளிவான விஷயத்தை அவர்கள் ஏன் வாய்விட்டுச் சொல்லவில்லை என்பது மட்டும்தான் புரியவில்லை. முன்பு ஒரு தடவை வீடு பார்க்க வந்தவர்கள் இந்த அறையின் வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு போனதும், இதைச் சரிபண்ணாவிட்டால் வீடு போகாது என்று அப்பா அம்மாவிடம் சொன்னதும் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது நடந்தவை.

கடைசியாக டின்கள் வந்தன. ஃபிஜியில் பிஸ்கட் டின் இல்லாத வீடு கிடையாது. பெரிய சதுர டின், வாசலில் கவிழ்த்துப் போட்டால் முக்காலி. அம்மா எட்டு டின் சேர்த்திருந்தாள். பெயர் எழுதுகிற வேலை என்னுடையது. சோப்பு, நீலம், கஞ்சிமாவு, கிளிப்பு, கிழிசல் என்று வெள்ளை பெயிண்டில் எழுதிக்கொண்டே வந்தேன். எட்டாவது டின்னை எடுத்தபோது அம்மா என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

“அதுக்கு வேணாம். வுட்டுடு.”

பெயர் எழுதாத டின் மேல் தட்டில் ஓரமாகப் போய் உட்கார்ந்தது. அதைத் திறக்காமல் இருக்க நான் என்ன புத்தரா? மறுநாளே தொட்டி விளிம்பில் ஏறித் திறந்தேன். உள்ளே மஞ்சள் நனைத்த துணித்துண்டு ஒன்று. அதில் ஒரு நாணயம் முடிந்திருந்தது. எங்கள் ஜனங்கள் இந்தியும் இங்கிலீஷும் கலந்து எப்படிப் பேசினாலும், காரியம் ஆக வேண்டுமென்றால் மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமிக்கு வேண்டிக்கொள்வதை மட்டும் விட்டதில்லை. காரியம் நடக்கிறவரை அந்த முடிச்சை அவிழ்க்கக்கூடாது. அம்மா வேண்டிக்கொண்டிருக்கிறாள். எதற்கு என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இந்த வீட்டிலேயே இருக்க வேண்டும் என்றுதான். எனக்கு அப்படியே அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

அடுத்த சனிக்கிழமை ஒரு புருஷனும் பெஞ்சாதியும் வந்தார்கள். ரராவாய் பக்கம் கரும்புத் தோட்டம் வைத்திருந்த தமிழ்க் குடும்பம். பிள்ளைகள் படிப்புக்காக டவுனில் வீடு தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வரப்போகிறார்கள் என்று அப்பா விடிந்ததிலிருந்து பரபரத்தார். தொட்டி ஈரமில்லாமல் பளிச்சென்று இருக்க வேண்டும், இன்றைக்கு யாரும் ஒரு கைக்குட்டைகூடத் துவைக்கக்கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார். அவர்கள் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தபோது இருவரும் ஹாலில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா அந்த மனிதரைக் கூரை காட்ட முன்பக்கம் கூட்டிப்போனார். மனைவிக்கு அம்மா சமையலறையைக் காட்டினாள். துவைக்கிற அறை வாசலுக்கு வந்ததும் அம்மா என் தோளைத் தொட்டாள்.

“ஆண்ட்டிக்கு நீ காட்டு. நான் துணி காயப்போட்டுட்டு வர்றேன்.”

அவள் கிளிப்பு டின்னிலிருந்து கை நிறைய அள்ளிக்கொண்டு பின்பக்கமாகப் போனாள். நான் அந்த ஆண்ட்டிக்கு எல்லாம் காட்டினேன். இஸ்திரி மேஜையை இறக்கி ஏற்றினேன், ஜாம் பாட்டிலைத் திருகினேன். அவருக்கு வாயெல்லாம் பல்.

“அரே, இத்தினூண்டு எடத்துல இன்னா அழகா அடக்கி வச்சிருக்காங்க உங்கம்மா! எனக்கு இந்த ரூம் ஒண்ணே போதும் பேட்டி.” பேட்டி என்றால் இந்தியில் மகள்.

அம்மா தனக்காகக் கட்டிய அறையை இவர் எடுத்துக்கொள்ளப் போகிறார். அம்மா வேறு இல்லை. நான்தான் ஏதாவது செய்ய வேண்டும். தொட்டி விளிம்பில் ஏறி, பெயர் எழுதாத டின்னை இறக்கி, அவர் முன்னால் திறந்து காட்டினேன்.

“நாங்க எங்கியும் போவல ஆண்ட்டி. இந்த வூட்ட வுட்டுப் போவக்கூடாதுன்னு அம்மா நாடி முருகனுக்குக் காசு முடிஞ்சி வச்சிருக்காங்க. அப்பாவுக்குத் தெரியாது.”

கடைசி வார்த்தை எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. நாடி முருகனும் அப்படித்தான் வந்தார். பொய் என்று எனக்குத் தோன்றவேயில்லை. எனக்குத் தெரிந்ததைக் கொஞ்சம் முழுதாகச் சொன்னேன், அவ்வளவுதான். அந்த ஆண்ட்டியின் சிரிப்பு நின்றது. முடிச்சை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, மறுபடி டின்னில் வைத்து, தானே மூடினார்.

“வேண்டிக்கினு இருக்கற பொம்பள வூட்ட நாம வாங்கி வெளங்குமா,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, என் கன்னத்தைத் தட்டிவிட்டு முன்பக்கம் போனார். புருஷன் காதில் ஏதோ சொன்னார். வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்லியனுப்புவதாக இருவரும் மரியாதையாக விடைபெற்றார்கள். சொல்லியனுப்பவில்லை.

அப்பா பல நாள் காத்திருந்தார். பிறகு ஒருநாள் துவைக்கிற அறை நடுவில் நின்று சுவரை வெறித்துப் பார்த்து, “இந்தப் பச்சதான். கண்ணக் குத்துது,” என்றார். அம்மா “இருக்கும்,” என்றாள். நான் மேல் தட்டைப் பார்த்தபடி, காரியத்தைச் சாதித்த பெருமையோடு கம்மென்று இருந்தேன்.

அந்தப் பெருமைக்கு அப்பா கொடுத்த விலை எனக்கு அப்போது தெரியாது. மனு கெடு தாண்டிப் போய், மறுபடி முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று. வேறு ஒருவர் வந்து, பச்சையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டை வாங்குவதற்கு இரண்டு வருடம் ஆனது. அதற்குள் அப்பாவின் தலை பாதி நரைத்துவிட்டது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு வருடமும் அம்மா அந்த அறையை ஆண்டாள். மத்தியானத்தில் வேலை இல்லாதபோதும் உள்ளே போய், டின்களை இறக்கித் துடைத்து, மறுபடி அதே இடத்தில் வைப்பாள். சில சமயம் மெல்லப் பாட்டுகூடக் கேட்கும்.

கிளம்பிய நாளில் விமான நிலையத்துக்குப் போகிற வழியில், நாடிக் கோயிலில் காரை நிறுத்தச் சொல்லி, முடிச்சை அவிழ்த்துக் காசை உண்டியலில் போட்டாள். நான் சும்மா சொன்ன முருகன் கோயிலே அதுவாக இருந்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை. வேண்டுதல் பலிக்கவில்லை, இருந்தாலும் சாமிக்குச் சேர வேண்டியதைச் சேர்த்துவிட்டாள் என்று நினைத்து அவளுக்காக அழுதேன்.

அப்பா இறந்துபோன பிறகுதான் அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஆக்லாந்து வீட்டின் கராஜில், மெஷினிலிருந்து எடுத்த துணியை இருவரும் மடித்துக்கொண்டிருந்தோம். அம்மா மடிப்பதை நிறுத்தவில்லை.

“அந்தக் காசு உங்கப்பாவுக்குப் பேப்பர் வரணும்னு முடிஞ்சது. வந்துச்சி, போட்டுட்டேன்.”

அவ்வளவு தச்சு வேலையும் வீடு விற்பதற்காக, சாமியிடம் கேட்டதும் அப்பா போக வேண்டும் என்பதற்காக. நான் அம்மாவுக்காகத்தான் அத்தனையும் சொன்னேன்.

“அப்போ நான் அந்த ஆண்ட்டிகிட்ட சொன்னது ஒனக்குக் கேக்கவே இல்லியா? ஜன்னலுக்கு நேரா அந்தாண்டதான கொடிக்கம்பி இருந்துச்சி?”

“நான் துணி காயப்போட்டுக்கினு இருந்தேன்,” என்றாள் அம்மா, அப்பாவின் பழைய சட்டை ஒன்றை நெஞ்சோடு வைத்து மடித்தபடி.

அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒரு கைக்குட்டைகூடத் துவைக்கவில்லை. வந்தவர்கள் போன பிறகு நான் பின்பக்கம் ஓடியபோது, துவைக்கிற அறை ஜன்னலுக்கு அந்தப் பக்கம், வெறும் கொடிக்கம்பிக்குக் கீழே அம்மா நின்றுகொண்டிருந்தாள். கை நிறையக் கிளிப்பு இருந்தது. “போய்ட்டாங்களா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கிளிப்புகளை என் பாவாடையில் கொட்டி, டின்னில் போட்டுவிடச் சொன்னாள்.