அம்மா ஊற்றிய நல்லெண்ணெய்

முதலில் வந்தது கருகிய நாற்றம். அதன் பின்னால்தான் எங்கள் உப்பு லாரி தெருமுனையில் திரும்பியது. பிரேக்கை மிதித்தால் வண்டி இடப்பக்கமாக இழுக்கிறது, துறைமுகச் சாலையில் ஒரு மாட்டுவண்டி மயிரிழையில் தப்பியது என்று டிரைவர் அந்தோணி அண்ணன் சொன்னதும், அப்பா வாசலிலேயே இரண்டு முன்சக்கரங்களையும் கழற்றச் சொன்னார்.

சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பட்டையை ‘லைனிங்’ என்பார்கள். இடப்பக்கத்து லைனிங் ஆணி தெரியத் தேய்ந்து வெற்றிலையாகியிருந்தது. வலப்பக்கத்தில் இருந்ததோ தடிமன் குறையாமல் புதிதுபோல இருந்தது. யுத்தக் காலம், லைனிங் கிடைப்பது குதிரைக்கொம்பு; இரண்டு பக்கத்துக்கும் போடச் சொல்லி அப்பா அப்போதுதான் புதிது வாங்கிக் கொடுத்திருந்தார். அப்பாவுக்குப் புத்தி வேறெங்கே போகும்?

“ஒரு பக்கம் பழசையே வச்சுட்டு, புதுசை வித்துட்டியாலே, களவாணிப்பயலே? சாவியைக் குடுத்துட்டு நட!”

தெருவே வேடிக்கை பார்த்தது. சாவியைக் கொடுத்துவிட்டு அந்தோணி அண்ணன் வலப்பக்கத்து லைனிங்கை விரலால் வழித்து முகர்ந்தார்.

“மாதா சத்தியமா ரெண்டும் புதுசுதான் போட்டேன் அண்ணாச்சி. இதுல எண்ணெய் ஊறியிருக்கு, வழுக்குது. இது பிடிக்காததால அந்தப் பக்கமே எல்லாத்தையும் தாங்கித் தேஞ்சிருக்கு.”

“சக்கரத்துக்குள்ள எந்த மடையன்லே எண்ணெய் விடுவான்?”

தம்பியை இடுப்பில் வைத்தபடி படியில் நின்ற அம்மா சொன்னாள்: “நாந்தான் விட்டேன். விடியக்காலம் வண்டி வந்து நிக்கையில கிறீச்சுன்னு கத்துது, பிள்ளை முழிச்சுக்கிடுது. அதான் வாசப்பக்கத்துச் சக்கரத்துக்கு மட்டும், அதுல இருக்க ஓட்டை வழியா, தினமும் ஒரு கரண்டி நல்லெண்ணெய்...”

அம்மா வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரு ஈ காக்காய்க்கும் தெரிந்திருக்காது. அந்தோணி அண்ணனின் பிழைப்பு போயிருக்கும், அவ்வளவுதான். அப்பா அவர் முகத்தைப் பார்க்காமலே சாவியைத் திருப்பி நீட்டினார். “எம்மேலதான் தப்பு. வாங்கிக்கோ.”

அந்தோணி அண்ணன் வாங்கவில்லை. அவர் முகம் வெளுத்திருந்தது.

“போன ஞாயித்துக்கிழமை வேம்பாருக்குக் கோயில் கொடைக்குப் போனோம்லா அண்ணாச்சி, பிள்ளையளெல்லாம் பின்னால இருந்துச்சுவளே. முன்னால ஒத்தச் சக்கரத்து பிரேக்கிலயா போயிட்டு வந்தோம்?”

அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். தம்பியைப் பிடித்துக்கொள்ளும்படி என்னிடம் நீட்டினாள்.

அந்தோணி அண்ணன் பிறகு சாவியை வாங்கிக்கொண்டார், வெகுகாலம் ஓட்டவும் செய்தார். அம்மாதான் அதற்கப்புறம் எந்தக் கதவுக்கும் எண்ணெய் விடவில்லை, எங்களையும் விடவிட்டதில்லை.

அந்த லாரி பழைய இரும்புக்குப் போயிற்று; அப்பா, அம்மா, அந்தோணி அண்ணன் மூவரும் இன்று இல்லை. போன மாதம் என் மருமகள் கதவுக் கீலுக்கு நல்லெண்ணெய் விடப் போனாள். “ஏளா, வேண்டாம்!” என்று நான் போட்ட கூச்சலில் கிண்ணம் அவள் கைதவறி விழுந்தது. அவள் ஒன்றும் புரியாமல் முழித்தாள்.